டீச்சரம்மா எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்?

போன மாதம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஊருக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் "திருக்கழுக்குன்றத்துக்குக் கல்வி தந்தவர்கள்" என்று ஒரு பகுதியாம். "உங்களுக்குப் பழைய சங்கதி எல்லாம் தெரியுமே சார், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். நல்ல பிள்ளைகள், காபி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நானும் நான்கு நாள் உட்கார்ந்து, இரண்டு முறை அடித்துத் திருத்தி, எழுதிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள். எந்தப் பள்ளியில் பணியாற்றினார்? எத்தனை ஆண்டுகள்? நூல் ஏதும் வெளியிட்டுள்ளாரா?

எந்தப் பள்ளியும் இல்லை. அதனால் ஆண்டுக் கணக்கும் இல்லை. நூலும் இல்லை.

"அப்படீன்னா சேர்க்க முடியாது சார், ரெகார்டு ஏதாவது வேணும் இல்லையா" என்றான் அந்தப் பையன், வருத்தத்தோடுதான்.

முப்பத்துச் சொச்சம் வருடம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து, பிறர் தாளின் ஓரத்தில் இதே மாதிரி கேள்வி எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். ஆகையால் கோபப்பட எனக்கு யோக்கியதை குறைவு. ஆனாலும் கோபம் வந்தது. மலரில் இடம் இல்லை என்றால் பரவாயில்லை, இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வீடு தெரியும். சங்கு தீர்த்தத்துக்குப் போகிற சந்து ஒன்றில் ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, திண்ணையில் ஒரு மரப்பெட்டி நிறையத் தாள். அவர் பெயரை எழுதப் போவதில்லை. பேரப் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், அவர்கள் அனுமதி இல்லாமல் எழுதுவது முறையல்ல. எங்கள் எல்லாருக்கும் அவர் டீச்சரம்மாதான். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

முதலில் இந்த "ரெகார்டு" விஷயத்தைப் பார்த்துவிடுவோம்.

நம் மலையில் ஏறும் வழியில் ஒருக்கல் மண்டபம் இருக்கிறதல்லவா? பல்லவர் காலத்துக் குடைவரை. அதன் தூண்களிலும் சுவரிலும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் இருந்த டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். உல்லாசமாக மலை ஏறி வந்தவர்கள், கையில் உளி கிடைத்தது, கிறுக்கினார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அது சரித்திரம். தொல்லியல் துறை பாதுகாக்கிறது. நாம் அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தால் வழக்கு வரும். ஊர் சுற்ற வந்தவன் கிறுக்கியதற்கு ரெகார்டு உண்டு. இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதுவதற்குக் கை பிடித்துவிட்டவருக்கு ரெகார்டு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் கோயிலில் ராஜகேசரிவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. முதலாம் ஆதித்த சோழன் என்று அறிஞர்கள் சொல்வார்கள். ஸ்கந்தசிஷ்யன் என்ற அரசன் முன்பு கோயிலுக்குக் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அப்படியே காப்பாற்றினார், அதை நாமும் காப்பாற்றுகிறோம் என்று அதில் இருக்கிறது. அதுவும் ஒருவர் விண்ணப்பம் செய்ததின் பேரில். எங்கள் பாஷையில் சொன்னால் மனு வந்தது, பழைய உத்தரவு பார்வையிடப்பட்டது, புதிய உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் நடைமுறை மாறவில்லை. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: விண்ணப்பம் செய்யத் தெரிந்தவனுக்கு நிலம் நிலைத்தது. தெரியாதவனுக்கு என்ன ஆயிற்று என்று எந்தக் கல்லிலும் இல்லை.

விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினால் என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் அவர்கள் பாடம் தொடர்ந்து நடந்தது. எங்களுக்குத் தினமும் 'திக்தே' உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். ஐந்து பெரிய பிழை விட்டால் இருபதுக்குப் பூஜ்யம். அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரு தாளைக் கையில் எடுத்தால் முதலில் பிழைதான் கண்ணில் படுகிறது, அது அங்கே கிடைத்த பழக்கம். ஆனால் தமிழ் எங்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் வந்துபோகிற விருந்தாளி. அப்பா காலமானபின் அம்மாவின் ஊரான இங்கே வந்து, தேர்வு எழுதி, ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்தபோது எனக்குத் தமிழில் நான்கு வரி குறிப்பு எழுத வராது. ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. நான் சேர்ந்த சமயம் எல்லாக் கோப்பும் தமிழில் வர வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய கோப்பைப் பார்த்து "மேற்படி பொருள் தொடர்பாக", "தக்க நடவடிக்கைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது" என்று காப்பி அடித்துக் காலம் தள்ளினேன். பார்க்க ரொம்பவும் தமிழாக இருக்கும்.

1974 என்று நினைவு. சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் உதவித்தொகை கேட்டு மனு கொடுத்தார். மரத்தடியில் மனு எழுதுகிறவர் எழுதியது. ஒன்றரைப் பக்கம். "மகா கனம் பொருந்திய சமூகத்துக்கு" என்று தொடங்கி, "தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து" என்று முடிந்தது. நடுவில் புருஷன் எப்போது செத்தார் என்பது இல்லை. பிள்ளைகள் எத்தனை பேர் என்பது இல்லை. நான் "விவரம் போதாது" என்று எழுதித் திருப்பினேன். மறுபடி அதே ஆள் எழுதிய மனு வந்தது, பாதம் பணிதல் இன்னும் கூடுதலாக இருந்தது, விவரம் அப்போதும் இல்லை. மறுபடி திருப்பினேன். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாளுக்கு எழுத்துக்கூலி, பஸ் காசு, ஒரு நாள் வியாபாரம் மூன்றும் போயிற்று. எதிரே நின்ற மனுஷியிடம் "உன் வீட்டுக்காரர் எப்போது இறந்தார்?" என்று வாய் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாளில் இல்லாதது எனக்கு உலகத்திலேயே இல்லை.

பல மாதம் கழித்து மூன்றாவது மனு வந்தது. கோணல் கோணலான பெரிய எழுத்து. ஏழே வரி. என் வீட்டுக்காரர் போன வருடம் மாசி மாதம் கடலுக்குப் போய் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு ஆறு வயது. நான் மீன் கூடை சுமக்கிறேன். வேறு வருமானம் இல்லை. உதவிப் பணம் வேண்டும். கீழே கையெழுத்து. முந்தின இரண்டிலும் பெருவிரல் ரேகை.

"யார் எழுதினது?" என்றேன்.

"நான்தான் எழுதினேன். கூடை காலியான பொறவு டீச்சரம்மா திண்ணையில அரை மணி ஒக்காந்து கத்துக்கிட்டேன்."

அந்த மனு மேலே போயிற்று, பணமும் வந்தது. நான் அந்தச் சனிக்கிழமை டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவை திருப்பினது நீங்கதானா தம்பி? உக்காருங்க" என்றார். திட்டவில்லை. ஒரு தாளைக் கையில் கொடுத்து, "ஏன் திருப்பினீங்கன்னு அந்த அம்மாவுக்குப் புரியற மாதிரி எழுதுங்க" என்றார். என்னால் முடியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் பிரெஞ்சில் யோசித்த தமிழ், மேலே கோப்புச் சாயம். அடுத்த நான்கு வருடம் சனிக்கிழமைகளில் அந்தத் திண்ணைக்குப் போனேன்.

அங்கே நடந்தது இதுதான். தாளின் தலையில், இதைப் படிக்கப் போகிறவர் யார் என்று முதலில் எழுத வேண்டும். எழுதி முடித்தபின் எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடைக்க வேண்டும். எங்கே படிக்க வெட்கமாக இருக்கிறதோ அங்கே ஏதோ பொய் இருக்கிறது, அதைத் தேட வேண்டும். வீட்டில் அம்மாவிடம் சொல்லாத வார்த்தையைத் தாளில் எழுதினால், "இது யார் வீட்டு வார்த்தை?" என்று கேட்பார். பெரும்பாலும் முதல் மூன்று வரியை அடித்துவிடுவார். "இது நீங்க தொண்டையைக் கனைச்சது தம்பி, விஷயம் நாலாவது வரியிலதான் ஆரம்பிக்குது." சம்பளம் மாதம் இரண்டு ரூபாய். முடியாதவர்கள் கிணற்றில் நான்கு குடம் இறைத்து வைத்தால் போதும். மீன்காரம்மாவைத் திண்ணையில் சமமாக உட்கார வைத்ததற்காக அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சரி, இது ஒரு தனி மனுஷியின் கதை, இதைப் போய் ஊர்க் கல்வி என்று சொல்லலாமா என்பீர்கள். தமிழ்நாட்டில் எழுத்து எங்கே வளர்ந்தது என்று கொஞ்சம் பாருங்கள்.

உ.வே.சாமிநாதையர் 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். அது மாயூரத்தில் பிள்ளையின் வீடு. மணி அடித்துத் தொடங்கிய வகுப்பல்ல. பிள்ளை செய்யுளைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள், எழுதும்போதே கற்பார்கள். அந்த வீட்டுப் படிப்பு இல்லையென்றால் சங்க நூல்களில் பாதி இன்று நம் கையில் அச்சில் இருந்திருக்குமா?

நம் ஜில்லாவுக்கே வருகிறேன். சிஸ்டர் சுப்பலட்சுமி சிறுமியாக இருந்தபோது நாலாம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தவர். பால்ய விதவை. வீட்டில் அப்பாவே பாடம் சொல்லித் தர முன்வந்தார், அதனால்தான் மேலே படித்தார். 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். பிறகு என்ன செய்தார்? கட்டடம் கட்ட நிதி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. எழும்பூரில் தம் வீட்டிலேயே நான்கு பால்ய விதவைகளை வைத்துக்கொண்டு தொடங்கினார். சாரதா இல்லம், ஐஸ் ஹவுஸ் விடுதி, சாரதா வித்யாலயா எல்லாம் அந்த நான்கு பெண்களுக்குப் பிறகு வந்தவை. நம் மலர்க் குழு 1912இல் இருந்திருந்தால் "எந்தப் பள்ளி?" என்று கேட்டு அவரையும் விட்டிருக்கும்.

வை.மு.கோதைநாயகி அம்மாள் கதை இன்னும் பொருத்தம். காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூர்க் குடும்பம், அன்றைக்கு அதுவும் நம் செங்கல்பட்டு ஜில்லாதான். பள்ளிப் படிப்பு இல்லை, குழந்தையிலேயே கல்யாணம். முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சில் வந்தது. அடுத்த வருடமே 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்தார். 115 நாவல்கள் எழுதினார் என்பார்கள். கோதைநாயகியைத் தெரியாத வீடு ஒரு காலத்தில் இல்லை. பட்டம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தத் தோழியின் கை இல்லையென்றால் முதல் நாடகம் ஏது?

நம் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியாரை எல்லாருக்கும் தெரியும். நம் ஊருக்குப் புராணமும் உலாவும் பாடியவர். பிறவியிலேயே கண் தெரியாத அவருக்கு முதுகில் எழுத்தை எழுதிக் காட்டிப் படிப்பித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். எழுதிய விரல் யாருடையது என்று ஒருவரும் கேட்டு நான் கேட்டதில்லை.

வீட்டுத் திண்ணையைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. எந்தச் சாதிப் பிள்ளை எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பது எழுதாத சட்டம். பெண் பிள்ளைகள் அபூர்வம். சிஸ்டர் சுப்பலட்சுமி இல்லத்தில்கூடத் தொடக்கத்தில் பிராமண விதவைகள் மட்டும்தான். அரசுப் பள்ளி வந்த பிறகுதான் எல்லாப் பிள்ளையும் உள்ளே வர முடிந்தது. அதை மறுப்பவன் முட்டாள். நான் கேட்பது வேறு. உள்ளே வந்த பிள்ளைக்கு எழுதச் சொல்லித் தந்தோமா?

இப்போது தெருவுக்கு நான்கு ட்யூஷன் இருக்கிறது. அதுவும் வீட்டில் நடப்பதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். என் பேத்தி போகிற இடத்தில் கட்டுரை எழுதுவது எப்படி என்று பார்த்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள், இரண்டு பழமொழி. 'நான் விரும்பும் தலைவர்' என்ற தலைப்புக்கு முப்பது பிள்ளைகளும் ஒரே தலைவரை ஒரே வார்த்தைகளில் விரும்புகிறார்கள். மார்க் வருகிறது. மரத்தடி மனு எழுதுகிறவருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கேயும் பாதம் பணிதல் அழகாக இருந்தது, செத்தவன் தேதிதான் இல்லை.

"எழுத்து ஆண்டவன் கொடுப்பது, சொல்லிக் கொடுத்து வராது" என்பார் இன்னொருவர். தவில் சொல்லிக் கொடுத்து வருகிறது, சமையல் சொல்லிக் கொடுத்து வருகிறது, எழுத்து மட்டும் வானத்திலிருந்து விழ வேண்டுமா? மீன்காரம்மாவுக்கு எட்டு மாதத்தில் வந்தது. அவர் நாவல் எழுதவில்லை. ஏழு வரி எழுதினார், இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

"இப்போதுதான் போனிடம் சொன்னால் அதுவே எழுதித் தருகிறதே" என்று பேரன் சொல்கிறான். செய்து காட்டவும் செய்தான். பிழையே இல்லாத அழகான மனு. திக்தேயில் இருபதுக்கு இருபது. ஆனால் கணவர் இறந்த தேதி என்ற இடத்தில் காலிக் கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டிலாவது எதை நிரப்புவது என்று தெரியும். கோடே இல்லாத இடத்தில் எதைச் சொல்ல வேண்டும், எது முக்கியம், எதை விட்டால் திருப்பி அனுப்புவான் என்பதை யார் சொல்லித் தருவது? அதைத்தான் டீச்சரம்மா சொல்லித் தந்தார்.

மலர்க் குழுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மலர் அழகாக வரட்டும். அதில் வரப்போகிற தலைமையாசிரியர்கள் எல்லாரும் மரியாதைக்குரியவர்கள், பலர் எனக்குப் பழக்கமானவர்கள். ஆனால் பணிப் பதிவேடு இருந்தால்தான் ஆசிரியர் என்று வைத்தீர்களானால், வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பெண்கள் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. அவர்களுக்குப் பதிவேடு கொடுக்க அன்றைக்கு யாரும் இல்லை. தனி ஆள் பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். "இந்த ஊர்ச் சந்துகளில் பெண்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள்" என்று ஒரே ஒரு வரி போடுங்கள். போதும்.

படிக்கிற என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. உங்களுக்கு எழுதச் சொல்லித் தந்தவர் யாரோ ஒருவர் இருப்பார். அத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மாமியாக இருக்கலாம், தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எழுத்துக்கூட்டச் சொன்ன அக்காவாக இருக்கலாம். ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த வருடம், என்ன சொல்லித் தந்தார், என்ன சம்பளம் வாங்கினார், யார் யார் உட்கார்ந்தார்கள். முதல் மூன்று வரியை அடித்துவிடுங்கள். எழுதியதை என்னிடம் கொடுங்கள். நான் கோப்பு போட்டு, எண் கொடுத்து, பக்கம் எண்ணிட்டு வைக்கிறேன். அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு யாராவது ரெகார்டு கேட்டால் எடுத்து நீட்டலாம்.

டீச்சரம்மா வீடு இப்போது இல்லை. திண்ணையை இடித்து ஷட்டர் போட்ட கடை கட்டியிருக்கிறார்கள். என் வீட்டில் திண்ணை கிடையாது, வராந்தா இருக்கிறது. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே பாய் விரித்திருப்பேன். பேத்தியும் அவள் சிநேகிதிகள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கிணறு இல்லை, ஆகையால் தண்ணீர் இறைக்க வேண்டாம்.